கரந்தோடும் ஆறு கேட்கும் கணக்கு

ஸ்லோவேனியா நாட்டின் தென்மேற்கில், இத்தாலிய எல்லைக்கு அண்மையில், ஓர் ஆறு மலைக்குள் புகுந்து மறைகிறது. அதன் பெயர் ரேக்கா. அந்நாட்டு மொழியில் 'ரேக்கா' என்றால் 'ஆறு' என்றுதான் பொருள். ஆறு மறையும் வாயின் மேலே, பாறை விளிம்பில் ஒரு சிற்றூர். அவ்வூரில் ஓர் ஆலயம். தியோக்கிளேசியன் காலத்து வேதகலாபனையில் அக்குவிலேயா நகரையடுத்து உயிர் நீத்த மறைச்சாட்சி புனித கன்சியானின் பெயரை அவ்வாலயம் தாங்குகிறது, ஊரும் தாங்குகிறது. ஷ்கோட்சியான் என்னும் ஊர்ப்பெயருக்குப் புனித கன்சியான் என்பதே பொருள். அதன் அடியில் உள்ள குகைகளும் அப்பெயராலேயே உலகெங்கும் அறியப்படுகின்றன.

மறைந்த ஆறு 30 கிலோமீட்டருக்கும் மேல் நிலத்தடியில் ஓடி, இத்தாலியின் துயினோ அருகே திமாவோ என்னும் வேறு பெயருடன் ஊற்றெடுத்து வெளிவருகிறது. வெளிவந்த பின் அதற்கு இரண்டு கிலோமீட்டர் வாழ்வுதான். உடனே அட்ரியாட்டிக் கடலில் கலந்துவிடுகிறது. வெர்ஜிலின் 'ஏனெயிட்' காவியத்திலும் திமாவோ ஊற்றுகள் இடம் பெறுகின்றன. அவ்வூற்றின் கரையில் திருமுழுக்கு யோவானுக்கு ஓர் ஆலயம் உண்டு. ஐந்தாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவக் கோயிலின் அடித்தளத்தின் மேல் எழுந்தது அது. ஆறு மறையும் இடத்தில் ஒரு மறைச்சாட்சி. வெளிப்படும் இடத்தில் திருமுழுக்கு அளித்தவர். இரண்டுக்கும் இடையில் இருள்.

இத்தகைய ஆற்றைப் பற்றிக் கேள்வியுற்றால் நம் மறையுரைகளும் தியானக் கட்டுரைகளும் உடனே உருகத் தொடங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாமல் ஓடும் அருள், இருளுக்குப் பின் ஒளி, கல்லறைக்குப் பின் உயிர்ப்பு என்று உவமைகள் வரிசையாக வந்து நிற்கும். உவமைகளில் பிழையில்லை. ஆண்டவரே வயலையும் வலையையும் உவமையாக்கினார். ஆயினும் ஆற்றை உவமையாக மட்டுமே காணும் பழக்கத்தோடு நமக்கு வழக்கு உண்டு. அப்பழக்கம் ஆறு மறையும் வாயில் நின்று வியக்கிறது, கைகூப்புகிறது, திரும்பிவிடுகிறது. நீர் எங்கே போகிறது, எதைச் சுமந்து போகிறது, யார் வாயில் போய் விழுகிறது என்று அது கேட்பதில்லை. கேட்காத பக்தி பாதிப் பக்தி என்பதே நம் வாதம்.

ஆறு செய்த வேலையை முதலில் பார்ப்போம். ரேக்கா தன் பயணத்தின் பெரும்பகுதியில் நீரை உள்ளே விடாத களிப்பாங்கான பாறைமேல் ஓடுகிறது. அதன்பின் சுண்ணாம்புக்கல் நிலத்தை அடைகிறது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது; அந்த அமிலம் சுண்ணாம்புக்கல்லைக் கரைக்கிறது. மயிரிழை வெடிப்பு விரிந்து வழியாகிறது; வழி விரிந்து மண்டபமாகிறது. வெள்ளம் கொண்டுவரும் மணலும் கூழாங்கல்லும் எஞ்சியதை அரைக்கின்றன. இப்படிக் குகைகள் உண்டாகும் நிலத்தை உலகெங்கும் 'கார்ஸ்ட்' என்று புவியியலார் அழைக்கிறார்கள். அச்சொல் பிறந்ததே இந்தப் பீடபூமியின் பெயரிலிருந்துதான்.

ஷ்கோட்சியான் குகைகளுள் மிகப் பெரிய மண்டபத்தின் உயரம் 146 மீட்டர். உரோமைப் புனித பேதுரு பேராலயத்தின் குவிமாட உச்சிச் சிலுவை தரையிலிருந்து ஏறத்தாழ 136 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரத்தை மட்டும் கொண்டு பேசினால், அக்குவிமாடமும் இம்மண்டபத்தின் கூரையைத் தொடாது. கோடையில் நொடிக்கு ஒரு கனமீட்டருக்கும் குறைவாகச் சுருங்கும் ஆறு, பெருவெள்ளத்தில் 300 கனமீட்டருக்கும் மேலாகப் பெருகும். அடியிலுள்ள வழி குறுகலானது. ஆகவே வெள்ளம் குகைக்குள்ளேயே ஏறி நிற்கும். 1826-இல் அது 130 மீட்டருக்கும் மேல் ஏறியது. 1965-இல் 100 மீட்டருக்கும் மேல் ஏறியது. அந்த இருளுக்குள் ஆறு உறங்குவதில்லை என்பதற்கு இவ்வெண்களே சான்று.

அந்த மண்டபத்திற்கு மார்ட்டெல் மண்டபம் என்று பெயர். எதுவார்-அல்பிரெட் மார்ட்டெல் என்னும் பிரான்சு நாட்டவரின் பெயர் அது. குகைகளை ஆராய்வதையே வாழ்நாள் பணியாகக் கொண்டவர் அவர். 1891-இல் தம் நாட்டில் ஒரு குகையை ஆராய்ந்த பின், அருகிலிருந்த தெளிந்த ஊற்றில் நீர் அருந்தினார், நோயில் விழுந்தார். பிறகு ஆராய்ந்தபோது காரணம் வெளிப்பட்டது. அவ்வூற்றோடு தொடர்புடைய ஒரு பாழ்ங்குழியில் செத்த கன்றின் உடல் கிடந்தது. மேட்டு நிலத்தார் செத்த கால்நடைகளைக் குழியில் எறிவது நெடுநாள் வழக்கம். குழி ஆழமானது, நாற்றம் மேலே வராது, வேலை முடிந்தது என்று போய்விடுவார்கள். கீழே ஊற்றில் நீர் மொள்ளும் பெண்ணுக்கு அந்தக் கன்றைப் பற்றி எதுவும் தெரியாது. மார்ட்டெல் அதன்பின் ஓயவில்லை. 1902-இல் பிரான்சு இயற்றிய பொதுச் சுகாதாரச் சட்டம், செத்த விலங்குகளை இத்தகைய குழிகளில் எறிவதைத் தடை செய்தது.

சுண்ணாம்புக்கல் நாட்டின் நீதி இதுதான். மணல் நிலத்தில் நீர் மெல்ல வடிகிறது. வழியிலேயே ஓரளவு சலிக்கப்படுகிறது. சுண்ணாம்புக்கல்லின் அகன்ற குழாய்களில் அந்தச் சலிப்பு இல்லை. போட்டது போட்டபடி போகிறது. ஓடுகிற நீர் தன்னைத்தானே தூய்மையாக்கிக்கொள்ளும் என்பது நம்மிடையே பரவிய நம்பிக்கை. கதிரொளியும் காற்றும் செடிகளும் உள்ள இடத்தில் அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஒளியே புகாத இடத்தில் அது வெறும் சாக்கு.

மறைந்த ரேக்காதான் திமாவோவாக வெளிப்படுகிறது என்பதை மெய்ப்பிக்க மனிதர் பட்ட பாட்டையும் சொல்லவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் திரியெஸ்தே துறைமுக நகரம் குடிநீருக்குத் தவித்தது. அந்தோன் பிரெடெரிக் லிண்ட்னர் என்பவர் நகருக்கு மேலுள்ள கல் நிலத்தில் ஆற்றைத் தேடினார். 1841-இல் திரெபிச்சானோ என்னும் ஊரருகே ஒரு வெடிப்பைப் பின்பற்றி இறங்கிய அவருடைய பணியாளர்கள், 329 மீட்டர் ஆழத்தில் ஓடும் நீரைக் கண்டார்கள். அந்நாளில் உலகில் அறியப்பட்ட குகைகளுள் அதுவே மிக ஆழமானது. ஆனால் அவ்வளவு ஆழத்திலிருந்து நீரை மேலேற்ற அன்று வழியில்லை. லிண்ட்னர் பயன் காணாமலே விரைவில் மறைந்தார். 1907-இல் ரேக்காவில் லித்தியம் உப்பைக் கரைத்தார்கள். அது திமாவோவில் தென்பட்டது. 1920களில் அடையாளமிட்ட விலாங்கு மீன்களைக்கூட விட்டுப் பார்த்தார்கள். அவற்றுள் சில மறுமுனையில் அகப்பட்டன. இவர்களும் குகையைக் கண்டு வியந்தவர்களே. ஆனால் வியப்போடு நில்லாமல் நீரின் பின்னே போனார்கள்.

இனி நம் வழக்கின் கசப்பான பகுதி. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில், ஆறு மறையும் இடத்திற்கு மேலே, ஆற்றோரத்து நகரொன்றில் இருந்த தொழிற்சாலைகள் தம் கழிவை ரேக்காவில் விட்டன. ஆறு நுரைத்தது, நாறியது, அதில் வாழ்ந்த உயிர்கள் அருகின. அந்த நீர் புனித கன்சியான் ஆலயத்தின் அடியில் புகுந்தது. மார்ட்டெல் மண்டபத்தினூடே, ஆம், குழியில் எதையும் எறியாதீர் என்று போராடிய அதே மனிதரின் பெயர் கொண்ட மண்டபத்தினூடே ஓடியது. எல்லைக்கு அப்பால் திமாவோவை நோக்கிப் போயிற்று. 1986-இல் யுனெஸ்கோ இக்குகைகளை உலக மரபுச் செல்வமாக அறிவித்தபோதும் ஆறு அந்நிலையில்தான் இருந்தது. மாலையும் சூட்டப்பட்டது, மலமும் ஊற்றப்பட்டது. இரண்டும் ஒரே காலத்தில் நடக்கமுடியும் என்பதை நாம் மறக்கலாகாது.

1990-ஆம் ஆண்டையொட்டி, மிகுதியான கேடு விளைவித்த ஆலை மூடப்பட்டது. ஆறு மெல்லத் தெளிந்தது. 1996-இல் அப்பகுதி சட்டத்தால் காக்கப்படும் பூங்காவாயிற்று. 1999-இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் நிலத்தடி ஈரநிலமாக ஏற்கப்பட்டது. ஆலை மூடினால் கூலி போகுமே என்று கேட்போர் உண்டு. நேர்மையான கேள்வி அது. உழைப்பாளியின் அடுப்பை அணைத்து ஆற்றைக் காப்பது முழு நீதி ஆகாது. ஆனால் கழிவைத் தூய்மை செய்யும் செலவை ஆலையின் கணக்கில் எழுதாமல் ஆற்றின் தலையில் எழுதியவர்கள் உழைப்பாளிகள் அல்லர். கணக்கு எழுதுபவனின் குற்றத்துக்குக் கூலிக்காரனைக் கேடயமாக நிறுத்துவது பழைய தந்திரம்.

"இதெல்லாம் அரசாங்கத்தின் வேலை, திருச்சபையின் வேலை ஆன்ம மீட்பு" என்று சொல்வோர் நம் பங்குகளில் பலர். அவர்களை நாம் ஒன்று கேட்கிறோம். ஆன்மாவை மீட்கும் முதல் அருட்சாதனத்திற்குத் திருச்சபை எதைக் கையில் எடுக்கிறது? நீரை அல்லவா? பாஸ்கா திருவிழிப்பு இரவில் நீரை மந்திரித்து, படைப்பின் தொடக்கத்து நீரையும் செங்கடலையும் யோர்தானையும் நினைவுகூரும் நாம், அந்த நீர் எந்த நிலத்திலிருந்து வந்தது என்று கேட்பதைத் தாழ்வாக எண்ணலாமா? திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடல், பாதுகாப்பான குடிநீர் மனிதரின் அடிப்படை உரிமை என்று ஐயத்துக்கிடமின்றி உரைத்தது. அது விருப்பமுள்ளோர் படிக்கும் இணைப்பு அன்று; திருச்சபையின் போதனை.

ஷ்கோட்சியானுக்கு அருகிலேயே இன்னொரு குழி உண்டு. ஈக்குகை என்று பொருள்படும் பெயர் அதற்கு. ஏறத்தாழ 3000 ஆண்டுகளுக்கு முன், கிறிஸ்துவை அறியாத மக்கள், வெண்கல வாள்களையும் ஈட்டிகளையும் தலைக்கவசங்களையும் நெருப்பிலிட்டு முறித்து அக்குழிக்குள் காணிக்கையாக இட்டார்கள். அகழ்ந்தோர் நூற்றுக்கணக்கில் அவற்றைக் கண்டெடுத்தனர். அவர்களுடைய வழிபாட்டை நாம் ஏற்கவில்லை. ஆனால் நிலத்தின் வாயில் தம்மிடமிருந்த சிறந்ததை அவர்கள் இட்டார்கள். உண்மைக் கடவுளை அறிந்தோம் என்னும் நம் காலத்தார் தம்மிடமிருந்த இழிந்ததை இட்டார்கள். இறுதித் தீர்ப்பில் நினிவே மக்கள் எழுந்து நின்று கண்டனம் செய்வார்கள் என்று ஆண்டவர் எச்சரித்தார். அவர்களோடு இவ்வெண்கலக் காலத்தாரும் எழக்கூடும்.

கழிவு மட்டுமா குழிக்குள் போயிற்று? திரியெஸ்தேயையும் இஸ்திரியாவையும் சூழ்ந்த அதே கல் நிலம் மனிதரையும் விழுங்க நேர்ந்தது. பாசிச ஆட்சி அங்கு வாழ்ந்த ஸ்லோவேனிய, குரோவாசிய மக்களின் மொழியை ஒடுக்கியது. குடும்பப் பெயர்களை மாற்றியது. அதன்பின் 1943-இலும் 1945-இலும் யூகோசுலாவியப் படையினரின் பழிவாங்கலில் கொல்லப்பட்ட இத்தாலியர் முதலான பலரின் உடல்கள் பாழ்ங்குழிகளில் எறியப்பட்டன. இஸ்திரியாவின் இளங்குரு பிரான்செஸ்கோ பொனிபாச்சியோ 1946 செப்டம்பரில் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். அவர் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. கொன்றவர்கள் வேலை முடிந்தது என்றே எண்ணியிருப்பர். 2008-இல் திரியெஸ்தே நகரில் திருச்சபை அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தது. உடலை ஒளித்தவர்களால் பெயரை ஒளிக்க முடியவில்லை.

பல ஆண்டுகள் இரு நாடுகளும் தத்தம் இறந்தோரை மட்டுமே எண்ணின. மற்றவர் இறந்தோரைக் குழியிலேயே விட்டன. 2020 ஜூலை 13 அன்று இத்தாலியக் குடியரசுத் தலைவர் மத்தரெல்லாவும் ஸ்லோவேனியத் தலைவர் பகோரும் பசோவிட்சா என்னுமிடத்தில், உடல்கள் எறியப்பட்ட சுரங்கக் குழியின் நினைவிடத்தில் கைகோத்து நின்றனர். 1930-இல் பாசிச ஆட்சி அதே ஊரில் சுட்டுக்கொன்ற நான்கு ஸ்லோவேனிய இளைஞரின் நினைவிடத்திலும் வணக்கம் செலுத்தினர். ஆபேலின் இரத்தம் மண்ணிலிருந்து கூக்குரலிட்டதாகத் தொடக்கநூல் சொல்கிறது. காயீன் மண்ணை நம்பினான். மண் அவனைக் காட்டிக்கொடுத்தது. நீரும் அவ்வாறே. ஆலைக் கழிவையும் கொலையையும் ஒரே எடையில் நாம் நிறுக்கவில்லை. இரண்டுக்கும் பின்னால் உள்ள நம்பிக்கை ஒன்று என்கிறோம்: கண்ணுக்கு மறைந்தது கணக்கிலிருந்தும் மறைந்துவிடும் என்ற நம்பிக்கை.

இது ஐரோப்பியர் கதை என்று ஒதுக்க நமக்கு வழியில்லை. தமிழர் வாழும் யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக்கல்லின் மேல் அமர்ந்திருக்கிறது. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு அங்கு இல்லை. மழைநீர் கல்லின் வெடிப்புகளில் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் நன்னீராகத் தங்குகிறது. கீரிமலைக் கேணியும் நவக்கிரியின் நிலாவரைக் கிணறும் அந்த மறைநீரின் கண்கள். வயலில் மிகையாக இட்ட உரமும் வீட்டு மலக்குழியின் கசிவும் அதே வெடிப்புகளில் இறங்குவதால், கிணற்று நீரில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வாளர் பலகாலமாகச் சொல்லி வருகிறார்கள். 2010களில் சுன்னாகச் சுற்றுவட்டாரத்துக் கிணறுகளில் எண்ணெய்க் கழிவு கலந்த வழக்கு அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ரேக்காவின் கல்லும் நிலாவரையின் கல்லும் ஒரே நீதியைத்தான் பேசுகின்றன.

இங்கே நம் பக்திக்கு மிக அணுக்கமான ஒரு குகையையும் நினைவூட்டுகிறோம். ஏறத்தாழ ஒவ்வொரு பங்கிலும் நாம் சிமெண்டால் கட்டி வைத்திருக்கும் லூர்து கெபியின் மூலக் குகை, மசபியேல், அதுவும் சுண்ணாம்புக்கல் குகையே. 1858-இல் அது தூய இடமாக இருக்கவில்லை. பன்றிகள் ஒதுங்கும் இடம். ஆறு கொண்டுவந்த குப்பை தங்கும் இடம். அங்கேதான் அன்னை தோன்றினார். பிப்ரவரி 25 அன்று பெர்னதெத் மண்டியிட்டுக் கையால் சேற்றைத் தோண்டினாள். கலங்கிய நீரைப் பருகினாள். கூடியிருந்தோர் பித்தென்று நகைத்தனர். பின்னர் அந்த ஊற்று தெளிந்தது. நாமோ அந்தத் தெளிந்த நீரைப் புட்டியில் வேண்டுகிறோம். சேற்றில் கைவைக்க மறுக்கிறோம். கெபிக்கு வண்ணம் பூசுகிறோம். கெபியின் பின்னே ஓடும் சாக்கடை எங்கே போய் விழுகிறது என்று பார்ப்பதில்லை.

ஒப்புரவு அருட்சாதனத்தைப் பற்றியும் ஒரு சொல். பாவத்தை அங்கே போட்டுவிட்டு வந்தால் போதும், குழியில் எறிந்தாற்போல் அது மறைந்துவிடும் என்று எண்ணுவோர் அருட்சாதனத்தையே பாழ்ங்குழி ஆக்குகிறார்கள். மன்னிப்பு உண்டு; அது இலவசமாகவே அருளப்படுகிறது. ஆனால் அயலானுக்கு இழைத்த கேட்டை இயன்றவரை ஈடுசெய்யவேண்டும் என்பதும் திருச்சபையின் மாறாத போதனை. சக்கேயு மனம் வருந்தியதோடு நிற்கவில்லை; ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவேன் என்றான். நீரைக் கெடுத்தவனுக்கும் அதே சட்டம்தான்.

ஆகவே பொதுநிலையினராகிய நாம் செய்யக்கூடியதைச் சொல்கிறோம். பெரிய மாநாடுகள் வேண்டாம். அடுத்துக் கூடும் பங்குப் பேரவையில் ஒரே ஒரு கேள்வியை எழுப்புவோம்: நம் கோவிலின், நம் பள்ளியின், நம் விடுதியின், நம் மருத்துவமனையின் கழிவுநீர் எங்கே போகிறது? விடை தெரியும்வரை அந்தக் கேள்வியை விடவேண்டாம். திருவிழா அசனம் முடிந்த மறுநாள் இலையும் குவளையும் நெகிழிப்பையும் எந்தப் பள்ளத்தில் கொட்டப்படுகின்றன என்று நேரில் போய்ப் பார்ப்போம். நம் மலக்குழிக்கும் அடுத்த வீட்டுக் கிணற்றுக்கும் எத்தனை அடி என்று அளப்போம். அடுத்த வீட்டார் எந்தச் சமயத்தார் என்று நீர் கேட்பதில்லை, நாமும் கேட்கவேண்டாம். குறை கண்டால் திருத்தும் செலவைத் தேர் அலங்காரத்துக்கு முன்னே எழுதுவோம்.

ரேக்கா இன்றும் புனித கன்சியானின் காலடியில் மறைந்துகொண்டிருக்கிறது. மேலே நின்று பார்ப்பவனுக்கு அது முடிந்துபோன ஆறு. கீழே, திருமுழுக்கு யோவானின் ஆலயத்தருகே நிற்பவனுக்கு அது தொடங்கும் ஆறு. மேலே நிற்பவன் தன் கையிலிருந்ததை நீரில் விடுமுன், கீழே குனிந்து அள்ளுபவனின் கையை நினைக்கட்டும். அவ்வளவுதான் நாம் கேட்பது. அதற்குக் குறைவாகக் கேட்க நமக்கு உரிமையும் இல்லை.